ஒற்றை டிக்

ஜூன் 17, செவ்வாய்

இளவேனில் என்னை பிளாக் செய்திருக்கிறாள். இன்று காலை 7.40 மணிக்கு இது உறுதியானது. ஆதாரம்: என் மனைவி ஆவுடையின் கைபேசி.

வெள்ளிக்கிழமை மாலை முதல் மகளுக்கு நான் அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. முதல் நாள் சிக்னல் இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் போன் பழுது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் படம் இருந்த வட்டத்தில் சாம்பல் நிறத்தில் யாரோ ஓர் உருவம் மட்டும் இருந்தது. கூப்பிட்டால் மணி ஒருமுறை அடித்து நின்றுவிடுகிறது. பேஸ்புக்கில் தேடினால் அதே பெயரில் வேறு இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி சிங்கப்பூரில் கேக் செய்து விற்கிறாள்.

இன்று காலை ஆவுடை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த அவள் போன் வெளிச்சம் காட்டியது. அதில் இளவேனில் படம் அப்படியே இருந்தது. மஞ்சள் சுடிதார் போட்டுச் சிரிக்கிறாள். பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று இருந்தது. ஆக, போன் பழுதில்லை, சிக்னலும் இருக்கிறது.

காரணம் தெரியவில்லை. உறுதியாகாததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

பதிவுக்காகப் பின்னணி: இளவேனிலுக்கு வயது 28. கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறாள். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேசச் சொல்லித்தரும் வேலை. ஜூன் 8, ஞாயிறன்று தென்காசிக்கு வந்து, சென்னியப்பன் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். அவர் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஜூலை 6 அன்று அவரும் அவருடைய தாயாரும் வீட்டுக்கு வந்து பேசுவதாக ஏற்பாடு. நான் “சரி, பார்ப்போம்” என்றேன். சண்டை ஏதும் நடக்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட்டபோது ஜன்னலிலிருந்து கை காட்டினாள்.

குற்றாலம் பேரருவியில் காலை 9 மணி வரை குளிக்கத் தடை, பிறகு நீக்கம். நாளிதழுக்குச் செய்தி 11.15க்கு அனுப்பினேன்.


ஜூன் 18, புதன்

குக்கர் கேஸ்கெட் வாங்கினேன். இளவேனிலுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்.


ஜூன் 19, வியாழன்

ஆவுடையிடம் நேரடியாகக் கேட்டேன். காரணம் அவளுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. முப்பத்தொரு வருடம் நிருபராக இருப்பவனுக்கு இது கூடத் தெரியாதா என்றேன். முப்பது வருடம் புருஷனாக இருப்பவனுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்றாள்.

நான் விடவில்லை. சமையலறை வாசலில் நின்று மறுபடி கேட்டேன்.

“உங்க தொழில்ல தகவல் சொன்னவன் பேர வெளிய விடமாட்டீங்கல்லா,” என்றாள். “நானும் எங்கிட்ட சொன்னவ பேரயும் விடமாட்டேன், சொன்னதயும் விடமாட்டேன்.”

அவளுடைய போனைக் கொஞ்சம் தரும்படி கேட்டேன். அதை நூலகத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். ஆவுடை கிளை நூலகர். வழக்கமாக போனை வீட்டில் மறந்துவிட்டு, மதியம் நூலகத்துத் தொலைபேசியிலிருந்து என்னைக் கூப்பிட்டு அது எங்கே இருக்கிறது என்று கேட்பவள்.

மாலை, எங்கள் நாளிதழின் புகைப்படக்காரர் மைதீன் வந்தார். பிளாக் செய்தால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டேன். “யாரு அண்ணாச்சி உங்கள பிளாக் பண்ணினது, எம்எல்ஏவா?” என்றார். ஒரு வாசகருக்காகக் கேட்கிறேன் என்றேன்.

நானும் பிளாக் செய்பவன்தான். இன்று எண்ணிப் பார்த்தேன், 46 பேர். தினமும் காலை ரோஜாப்பூ அனுப்புகிறவர்கள், மனை விற்பவர்கள், தன் கவிதை ஏன் வரவில்லை என்று மாதம் இருமுறை கேட்ட ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார், கட்சிக்காரர்கள், ஒரு சோதிடர். “ஒரு விஷயம் பேசணும்” என்று பெயர் சொல்லாமல் ஆரம்பிப்பவர்களைப் பெரும்பாலும் முதல் வரியிலேயே பிளாக் செய்துவிடுவேன். செய்தி அனுப்பும் நேரத்தில் இவர்களை எல்லாம் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. யாரையும் புண்படுத்த வேண்டும் என்று செய்ததில்லை. அவர்களும் புண்பட்டிருக்கமாட்டார்கள் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.


ஜூன் 21, சனி

ஆவுடைக்கு அந்தப் பையனைப் பற்றித் தைப் பொங்கலிலிருந்தே தெரியும் என்பது இன்று பேச்சுவாக்கில் வெளிவந்தது. எனக்கு ஜூன் 8 அன்று தெரிந்தது. இது குறித்து என்னிடம் கருத்து எதுவும் இல்லை.

என் தரப்பில் நடந்ததையும் எழுதிவைக்கிறேன். இளவேனில் சொல்லிவிட்டுப் போனபின், ஜூன் 11, 12 தேதிகளில் அந்தப் பையனைப் பற்றிச் சிறிது விசாரித்தேன். எந்தத் தகப்பனும் செய்வதுதான். சாதி, ஜாதகம் எதையும் கேட்கவில்லை. நான்கு பேரோடு பேசினேன்: அவருடைய வீட்டு உரிமையாளர், உடன் படித்த ஒருவர், தெருமுனை மருந்துக்கடைக்காரர், மருத்துவமனையின் பணியாளர் பிரிவு.

நால்வரும் நல்லவிதமாகச் சொன்னார்கள். வீட்டு உரிமையாளரின் தாயாருக்கு மாடிப்படி ஏற முடியாமல் இருந்ததாம். ஞாயிறுதோறும் இவர் கீழே போய்ப் பயிற்சி கொடுத்து, இப்போது அந்த அம்மாள் மொட்டை மாடியில் வடகம் காயப்போடுகிறாராம். மருந்துக்கடைக்காரர், தம்பி சிகரெட் கூடப் பிடிக்காதுங்க என்றார். மருத்துவமனையில் பேசிய பெண் என் பெயரையும் நாளிதழின் பெயரையும் மூன்று முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். கவனமான நிர்வாகம் என்று தோன்றியது.

சனிக்கிழமை, அதாவது 14ஆம் தேதி, ‘விசாரித்தேன். நல்ல பையன்’ என்று இளவேனிலுக்கு அனுப்பினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அந்தச் செய்தியும் ஒற்றை டிக்கில்தான் நிற்கிறது.


ஜூன் 22, ஞாயிறு

காலையில் மேல்தொட்டி கழுவினோம். நான் உள்ளே இறங்கித் தேய்த்தேன், ஆவுடை மேலே நின்று வாளியை வாங்கினாள். பாதி வேலையில், தொட்டியின் வாய் வழியே குனிந்து சொன்னாள்.

“அந்தப் பிள்ளைய வேலைக்கு வராதேன்னு சொல்லி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு.”

எந்தப் பிள்ளை என்றேன்.

“சென்னியப்பன். எவனோ ஒரு பத்திரிகைக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, இவரப் பத்தித் தகவல் வேணும்னு கேட்டானாம். என்ன புகாரோ, என்ன செய்தி வரப்போகுதோன்னு அவங்க பயந்துட்டாங்க. விசாரணை முடியுற வரைக்கும் வீட்ல இருன்னுட்டாங்க.”

தொட்டிக்குள் பேசினால் எதிரொலிக்கும். மூலையிலிருந்த பாசியைத் தேய்த்தேன்.

“எவனோ தென்காசிக்காரனாம்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாளியைக் கேட்டாள்.

மதியம் சொதி வைத்தாள். எனக்கு இரண்டாம் தடவையும் ஊற்றினாள். மூன்று மணிக்கு இளவேனிலுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.


ஜூன் 23, திங்கள்

ஜூன் 12 அன்று மருத்துவமனையில் நான் பேசிய முதல் வாக்கியத்தை நினைவிலிருந்து அப்படியே எழுதுகிறேன். “வணக்கம், நாளிதழின் தென்காசி நிருபர் சுடலைமுத்து பேசுகிறேன். உங்களிடம் பணிபுரியும் சென்னியப்பன் என்பவர் பற்றிச் சில தகவல்கள் வேண்டும்.”

முப்பத்தொரு வருடமாக எந்தத் தொலைபேசியை எடுத்தாலும் இந்த வாக்கியம்தான் முதலில் வருகிறது. பால்காரரிடம் ஒருமுறை இப்படிச் சொல்லி, அவர் இரண்டு நாள் நல்ல பால் ஊற்றினார் என்று ஆவுடை இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

ஆனால் பழக்கம் மட்டும்தான் காரணம் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. பெண்ணின் தகப்பன் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சங்கடமாக இருந்தது. நிருபராகக் கேட்டால் பதில் வரும், தகப்பனாகக் கேட்டால் வருமோ வராதோ என்று இருந்தது.

இன்று அந்த மருத்துவமனைக்கு மறுபடி கூப்பிட்டு, நடந்தது என் தவறு, செய்தி எதுவும் இல்லை என்றேன். பத்திரிகையாளர்களிடம் பேச அனுமதி இல்லை என்று வைத்துவிட்டார்கள். மாலை இன்னொரு முறை கூப்பிட்டேன். ஒரே விஷயத்துக்கு மூன்றாவது அழைப்பு என்று குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எதுவானாலும் எழுத்தில், நேரில் என்றார்கள்.

நான் கூப்பிடக் கூப்பிட அந்தப் பையனுக்குக் கெடுதல்தான். நிறுத்திவிட்டேன்.


ஜூன் 24, செவ்வாய்

சென்னியப்பனின் எண்ணை ஆவுடையிடம் கேட்டேன். எதற்கு என்றாள். அவரிடம் பேச என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஒவ்வொரு இலக்கமாக என் போனில் அழுத்தினேன். கடைசி இலக்கம் விழுந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: இந்த எண்ணை நீங்கள் பிளாக் செய்திருக்கிறீர்கள்.

ஆவுடையிடம் காட்டினேன். அவள் வாசித்தாள். பிறகு அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பத்து நாளாக அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் அவள் சிரிப்பு முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த எண்ணிலிருந்து வந்திருந்த செய்தி: ஜூன் 10 காலை 10.52. ‘வணக்கம் சார்ங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். நேரம் இருக்கறப்ப சொல்லுங்க.’ பெயர் இல்லை. படத்தில் ஒரு காங்கேயம் காளை. புளியரை சோதனைச்சாவடியில் லாரிகள் நிற்கும் செய்தியை எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துக்குச் செய்தி கேட்கிறார் என்று நினைத்து, ஒரு நிமிடத்துக்குள் பிளாக் செய்திருக்கிறேன். 46ஆவது எண் அதுதான்.

பிளாக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் அனுப்பியது ஏதாவது இருந்தால் வரும் என்று எண்ணம். எதுவும் வரவில்லை. மைதீனைக் கூப்பிட்டேன்.

“அது வராது அண்ணாச்சி. பிளாக்ல இருந்தப்ப அனுப்பினது அனுப்பினதுதான். பின்னால எடுத்தாலும் வந்து சேராது.”

தபால் போல எங்காவது தங்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கதவு திறந்ததும் மொத்தமாகக் கைக்குக் கிடைக்கும் என்று.

அப்படியானால் நான் இளவேனிலுக்கு அனுப்பிய பதினான்கும் அவளுக்கு என்றைக்கும் போய்ச் சேராது. அவற்றில் முக்கியமாக எதுவும் இல்லை. இன்றும் ஒன்று அனுப்பினேன். ஏன் என்று தெரியவில்லை.


ஜூன் 25, புதன்

காலை 10.10க்கு சென்னியப்பனைக் கூப்பிட்டேன். “இளவேனிலோட அப்பா பேசுதேன்” என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருக்க வேண்டும்.

நடந்ததைச் சொன்னேன். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. இடையில் அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும், என்மேல் கோபம் இருந்தால் சொல்லலாம் என்றேன்.

“கோவம் இல்லீங்கன்னா பொய்யாயிருமுங்க,” என்றார். “அம்மாகிட்ட இன்னும் சொல்லலீங்க. தெனமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸ எடுத்துட்டு டூட்டிக்குப் போற மாதிரி கெளம்பிப் போறனுங்க. பார்க்குல உக்காந்திருக்கறனுங்க. அங்க நடக்க வர்ற பெரியவங்க அஞ்சாறு பேருக்கு முட்டி வலிக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்துட்டிருக்கறனுங்க. இப்பக்கூட அங்கதானுங்க.”

பின்னால் யாரோ ஒரு முதியவர், இடது காலா வலது காலா என்று கேட்பது எனக்குக் கேட்டது. இடதுங்க, மெதுவாங்க, என்றார் இவர்.

வைப்பதற்கு முன், ஜூன் 10 அன்று முதல் வரிக்குப் பிறகு ஏதாவது எழுதியிருந்தாரா என்று கேட்டேன். எழுதினேன் என்றார். என்ன என்றேன். தயங்கினார். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன்.

“பெருசா ஒண்ணுமில்லீங்க. எம் பேரு, ஊரு எழுதினனுங்க. என்னப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும்னாலும் வேற எங்கயும் அலைய வேண்டாமுங்க, எங்கிட்டயே கேளுங்க, மறைக்காம சொல்றனுங்கன்னு எழுதினனுங்க.”

முப்பத்தொரு வருடத்தில் மறுதரப்பிடம் கேட்காமல் ஒரு செய்தியும் அனுப்பியதில்லை. குளத்தை ஆக்கிரமித்தவரிடமும் கேட்டிருக்கிறேன், சத்துணவு முட்டை திருடியவரிடமும் கேட்டிருக்கிறேன்.


ஜூன் 26, வியாழன்

சாரல். வேலை அதிகம். பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை.


ஜூன் 28, சனி

மருத்துவமனைக்கான கடிதத்தை நான்காவது முறையாக எழுதினேன். முதல் வரைவு இரண்டு பக்கம். ஆவுடை வாசித்துவிட்டு, இதில் சென்னியப்பன் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, உங்கள் அனுபவம் எட்டு இடத்தில் வருகிறது என்றாள். இறுதி வடிவம் கீழே:

‘ஜூன் 12 அன்று தங்கள் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, ஊழியர் திரு. சென்னியப்பன் பற்றிக் கேட்டவன் நான். அவர்மீது எந்தப் புகாரும் இல்லை, எந்தச் செய்தியும் எழுதப்படவில்லை. என் மகளை அவர் மணக்க விரும்புகிறார் என்பதால் கேட்டேன். அதைச் சொல்லாமல் பத்திரிகையின் பெயரைச் சொன்னது என் தவறு. தவறு முழுவதும் என்னுடையது. அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.’

தபாலில் அனுப்பலாம் என்று இருந்தேன். நேரில் என்று அவர்களே சொல்லியிருப்பதால் திங்கட்கிழமை கிளம்புகிறேன். ஜூலை 17 அன்று ஆடி பிறக்கிறது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள், அவர் தாயார் அதில் உறுதியாம். அதற்குள் வரவில்லை என்றால் ஆவணியில்தான். தாயாருக்கு வேலை விஷயம் தெரியவந்தால் ஆவணியிலும் வருவார்களா என்பது சந்தேகம் என்று ஆவுடை சொன்னாள்.

பெட்டியில் சட்டை வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாள்.

“அவ வீட்டுக்குப் போவாதீங்க. பிளாக் பண்ணியிருக்கான்னா, கதவத் தட்டாதேன்னு அர்த்தம். ஊரு மாறிப் போய்த் தட்டினாலும் அது தட்டுனதுதான்.”

சரி என்றேன்.


ஜூலை 1, செவ்வாய், கோயம்புத்தூர்

நேற்று காலை ஆறு மணி பஸ், மாலை நான்கே காலுக்கு வந்து சேர்ந்தது. லாட்ஜில் தங்கினேன். இன்று காலை 9.30க்கு மருத்துவமனை.

வரவேற்பில் இருந்த பெண் நீங்கள் யார் என்று கேட்டார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே வழக்கமாக இருக்கும் அடையாள அட்டையை ஆவுடை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“இளவேனிலோட அப்பா,” என்றேன்.

“அது யாருங்க?”

“சென்னியப்பன் கட்டிக்கிடப் போற பொண்ணு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது. “அப்ப நீங்க சென்னி அண்ணனுக்கு மாமனாருங்களா?”

அது இன்னும் முடிவாகவில்லை என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அதற்குப்பின் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் மூன்று ஊழியர்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நிர்வாக அலுவலர் கடிதத்தை இருமுறை வாசித்தார். போன வருடம் ஒரு பத்திரிகைச் செய்தியால் தங்களுக்கு நிறையச் சிரமம் என்றார். பத்திரிகையிலிருந்து யாராவது கூப்பிட்டாலே இப்போது எல்லோருக்கும் நடுக்கம் என்றார். வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடும், கடிதத்தை வைக்கிறேன் என்றார். முடிவு எப்படி இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். நிருபர் கேட்கிற கேள்வி போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பினேன். அது இளவேனில் தங்கியிருக்கும் தெருமுனை வழியாகப் போகும் பஸ். வேறு பஸ்ஸும் இருந்தது. நிறுத்தத்தில் சுமார் நாற்பது விநாடி நின்றது. மூன்றாவது வீட்டு மாடிக் கொடியில் ஒரு மஞ்சள் துணி காய்ந்தது. அவளுடையதா என்று உறுதிசெய்ய முடியவில்லை. நான் இறங்கவில்லை.


ஜூலை 2, புதன்

வீடு வந்தேன். ஆவுடை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இறங்கினீங்களா என்று. இல்லை என்றேன். கால் பிடித்திருக்குமே என்று சொல்லிவிட்டு வெந்நீர் போட்டாள்.


ஜூலை 4, வெள்ளி

சென்னியப்பனை வரும் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவரே மாலை 5.20க்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஆவுடைக்கும் தகவல் வந்திருந்தது. ஆகவே இரண்டு ஆதாரம்.

நன்றி சொன்னார். சொல்ல வேண்டாம் என்றேன். பார்க்கில் அந்தப் பெரியவர்கள் திங்கள் முதல் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். காலையில் ஆறு மணிக்கு வரச்சொல்லிட்டனுங்க, அதுக்கப்புறம் டூட்டிக்குப் போவனுங்க என்றார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்ததை இளவேனில் தள்ளி வைத்துவிட்டாளாம். எப்போது என்று சொல்லவில்லை. அவளிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“அது மட்டும் முடியாதுங்க, தப்பா நெனைக்காதீங்க,” என்றார். “அவங்க கோவத்த அவங்கதானுங்க முடிக்கணும். நான் ஊடால பூந்து முடிச்சு வெக்கறது நல்லா இருக்காதுங்க.”

நான்கு பேரிடம் விசாரித்ததில் தெரியாத ஒன்று இந்த ஒரு பதிலில் தெரிந்தது.


ஜூலை 6, ஞாயிறு

அவர்கள் வந்திருக்க வேண்டிய நாள். யாரும் வரவில்லை. வாஷ்பேசின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றினேன்.

காலை 11.30க்கு ஆவுடையின் போன் அடித்தது. அவள் எடுத்துப் பேசிக்கொண்டே வந்து, என் முன்னால் மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“ப்பா,” என்றாள் இளவேனில். இருபத்துமூன்று நாளாயிற்று.

சொல்லும்மா என்றேன்.

“எங்கிட்ட வர்ற பிள்ளைங்க ஒரு வார்த்தை சொல்ல ஆறு மாசம் ஆகும். நானும் உங்ககிட்ட இவரப் பத்திச் சொல்ல ஆறு மாசம் எடுத்துக்கிட்டேன். நீங்க ரெண்டே நாள்ல நாலு பேருகிட்ட கேட்டுட்டீங்க. எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்களாப்பா? ஏன் அவரப் பிடிச்சுதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கலம்மா.”

“ஏன்?”

பதில் உடனே வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. வேலையில் அவள் அப்படித்தான் காத்திருப்பாள் போலும்.

“நீ பதில் சொல்லிட்டேன்னா, அப்புறம் நீ போயிருவேன்னு ஆயிரும்லா,” என்றேன்.

ஆவுடை என்னைப் பார்த்தாள், பிறகு குழாயைப் பார்த்தாள்.

இளவேனில் வேறு குரலில் கேட்டாள். நான் அனுப்பியதெல்லாம் அவளுக்கு இனி வராது என்று அம்மா சொன்னாளாம். என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டாள். முக்கியமாக ஒன்றும் இல்லை என்றேன். ஆவுடை என் போனை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து வரிசையாக வாசித்தாள், நூலகத்தில் புத்தக எண் வாசிப்பது போல.

“‘ஐந்தருவியில் நல்ல தண்ணீர்.’ ‘விசாரித்தேன். நல்ல பையன்.’ ‘போன் ரிப்பேரா.’ ‘இன்று சாரல். குடை எடுத்துப் போ.’ ‘குக்கர் கேஸ்கெட் மாற்றியாயிற்று. அம்மாவுக்கு விரல் சுடவில்லை.’ ‘சாப்பிட்டாயா.’ ‘என்னால்தான். மன்னித்துக்கொள்.’ ‘மைதீன் உன்னைக் கேட்டார்.’ ‘குடை.’”

அந்த ‘மன்னித்துக்கொள்’ளிலும் நிறுத்தாமல் ஒரே குரலில்தான் வாசித்தாள். மொத்தம் இருபத்தாறு.

“கோயம்புத்தூர்ல மழையே இல்லப்பா,” என்றாள் இளவேனில். குரல் சரியாக இல்லை.

“தெரியும்,” என்றேன். “தினமும் வானிலை பாக்குதேன்.”

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தேதி சொன்னாள். ஆடிக்கு முன்னால் மிச்சம் இருப்பது ஒரு ஞாயிறுதான், 13. மூவரும் காரில் வருகிறார்கள். பிளாக்கைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

“அத இப்ப எடுக்கமாட்டேன். நேர்ல வந்து, நீங்க எப்படிப் பேசுதீங்கன்னு பாத்துட்டு, அப்புறம் எடுக்கேன்.”

“உன் இஷ்டம்மா.”


ஜூலை 9, புதன்

பேரருவி, ஐந்தருவி இரண்டிலும் குளிக்க அனுமதி. கூட்டம்.


ஜூலை 12, சனி

நாளை காலை ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிறார்கள். இளவேனில், சென்னியப்பன், அவருடைய தாயார். ஆதாரம்: ஆவுடை. இப்போதெல்லாம் அவள் கேட்காமலே தகவல் தருகிறாள்.

வீடு சுத்தம் செய்தாயிற்று. பழைய நாளிதழ்க் கட்டுகளை முன்னறையிலிருந்து மாடிக்கு ஏற்றினேன், பதினெட்டுக் கட்டு. தாயாருக்கு என்ன பிடிக்கும் என்று ஆவுடை கேட்டாள். யாரிடமாவது விசாரிக்கவா என்றேன். துடைத்துக்கொண்டிருந்த துணியை என்மேல் எறிந்தாள்.

நாளை பேரருவிக்கு ஓர் அமைச்சர் வருகிறார். நான் போக வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து காலையில் சொன்னார்கள். ஒருநாள் விடுப்புக் கேட்டு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் வழக்கமாக ‘சொந்த வேலை’ என்று போடுவோம். நான் ‘மகள் வருகிறாள்’ என்று எழுதினேன்.

நிலுவையில் இருப்பவை இரண்டு.

விடுப்பு: இன்று மாலை ஆறு மணிக்குள் முடிவு தெரியும். கிடைக்காவிட்டால் அமைச்சரை மைதீன் பார்த்துக்கொள்வார், அவரிடம் சொல்லியாயிற்று.

பிளாக்: நாளை காலை பதினோரு மணிக்குக் கார் வந்து சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதற்குப் பிறகு, அவள் தீர்மானிக்கும் நேரத்தில். எத்தனை மணிக்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.